பெட்டியில் 19 டெசிபல், படுக்கையில் உறுமல்: ஏசி சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

#1 உறக்கம்தேடி

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் படுக்கையறைக்கு ஒரு இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி மாட்டினோம். பழைய ஏசி போட்ட சத்தத்தில் நொந்துபோயிருந்ததால், இந்த முறை மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு சத்த அளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். விவரக் குறிப்பில் 19 டெசிபல் என்று இருந்தது.

மாட்டிய முதல் இரவே தூக்கம் போனது. அறை குளிர்ந்து அரை மணி நேரம் ஆனதும் 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம் தொடங்குகிறது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. காதை மூடினாலும் குறைவதில்லை. மகளின் சிறிய கட்டில் அதே அறையில் நடுவில் கிடக்கிறது, அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். வயதாக ஆக எனக்குத்தான் காது அதிகமாக வேலை செய்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

செல்பேசியில் ஒரு செயலியை இறக்கி அளந்தேன். 36 காட்டுகிறது. 19 எங்கே, 36 எங்கே? விற்றவர்கள் பொய் சொன்னார்களா, நான் அளந்த விதம் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மேல்மாடி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 19 என்று சொல்லிவிட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் போடுகிறது. படம் எடுத்து வைத்துக்கொண்டு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கொடுத்த அளவுக்கு அவர்கள்தான் பொறுப்பு.

#3 சுவர்க்கோழி

கட்டடங்களுக்குள் ஒலி எப்படிப் பரவுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அவசரப்பட்டுப் புகார் கொடுப்பதற்குமுன் ஒரு நிமிடம் பொறுங்கள் நண்பரே.

முதலில், 36 என்பது 19-இன் இரண்டு மடங்கு இல்லை. டெசிபல் என்பது கிலோ, மீட்டர்போலக் கூட்டிக் கழிக்கிற அளவு இல்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. ஆனால் நம் காது அதை அப்படி உணர்வதில்லை. 10 டெசிபல் கூடும்போதுதான் 'இரண்டு மடங்கு சத்தம்' என்று பெரும்பாலானோருக்குத் தோன்றும். அந்தக் கணக்கில் 19-க்கும் 36-க்கும் இடையே ஆற்றலில் ஐம்பது மடங்கு வித்தியாசம், கேட்கும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

அப்படியானால் நிலைமை இன்னும் மோசம்தானே என்று கேட்பீர்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஏசியை முழுதாக நிறுத்திவிட்டு, அதே நேரத்தில், அதே இடத்தில் செயலி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண் தெரியாமல் 36 என்பதற்கு அர்த்தமே இல்லை.

19 பற்றி: அது இண்டோர் யூனிட்டுக்கான எண். அதுவும் ஃபேனின் ஆகக் குறைந்த வேகத்தில், எதிரொலியே இல்லாத சோதனை அறையில், யூனிட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி அளந்தது. வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள வீட்டு அறையில் அந்த எண் வராது. பொய் இல்லை, ஆனால் உங்கள் அறையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

#4 கருவிப்பெட்டி

இருபது வருடமாக ஏசி வேலை பார்க்கிறேன். எண்ணை ஒரு பக்கம் வையுங்கள் சார். எந்த மாதிரிச் சத்தம் என்று சொல்லுங்கள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

'டக், டக்' என்று எப்போதாவது ஒரு முறை சத்தம், குறிப்பாகப் போட்டவுடனும் நிறுத்தியவுடனும் வந்தால், அது பிளாஸ்டிக் உடம்பு குளிரில் சுருங்கி, சூட்டில் விரிகிற சத்தம். கோளாறு இல்லை. 'சலசல' என்று தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தால் குழாய்க்குள் காஸ் ஓடுகிறது, அதுவும் சாதாரணம்தான். ஆனால் 'உஸ்ஸ்' என்று விடாமல் சீறி, குளிர்ச்சியும் குறைந்து, காயிலில் பனி கட்டினால் காஸ் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். 'தடதட' என்று நடுங்கினால் பிளோயரில் ஒரு பக்கமாகத் தூசி படிந்து சமநிலை கெட்டிருக்கும், இல்லை ஏதோ ஸ்குரூ தளர்ந்திருக்கும். 'கீச், கீச்' என்று சுழற்சிக்கு ஒரு முறை வந்தால் ஃபேன் அச்சைத் தாங்கும் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கும்.

நீங்கள் சொல்கிற 'ஊம்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அது கம்ப்ரஸர், அதாவது காஸை அழுத்தி ஓட்டுகிற பம்ப், போடும் சத்தம். கம்ப்ரஸர் இருப்பது வெளியே. அதனால் இரண்டு கேள்வி. அவுட்டோர் யூனிட் எங்கே மாட்டியிருக்கிறது? ரிமோட்டில் வெறும் ஃபேன் மோடு வைத்தால் அந்தச் சத்தம் நிற்கிறதா?

#5 உறக்கம்தேடி

நன்றி. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

ஃபேன் மோடில் 'ஊம்' சுத்தமாக நின்றுவிடுகிறது. காற்று வருகிற இரைச்சல் மட்டும்தான். கூல் மோடுக்கு மாற்றினால் சில நிமிடத்தில் திரும்ப வருகிறது. அவுட்டோர் யூனிட் எங்கள் படுக்கையறைச் சுவரின் வெளிப்பக்கம், இரும்பு பிராக்கெட்டில் இருக்கிறது. இப்போதுதான் உறைக்கிறது, எங்கள் தலைமாட்டுச் சுவரும் அதே சுவர்தான்.

சுவர்க்கோழி சார், ஏசியை நிறுத்திவிட்டு இரவு இரண்டு மணிக்கு அளந்தேன். 33 காட்டியது. போட்டால் 36. வெறும் 3 தானே கூடுகிறது, அதற்கா இந்தப் பாடு என்று எனக்கே புரியவில்லை.

#6 சுவர்க்கோழி

ரொம்ப நல்ல அளவு. ஏசி இல்லாமல் 33, ஏசியுடன் 36. ஒரே அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். அதாவது 33-உம் 33-உம் சேர்ந்தால் 36. ஆக உங்கள் ஏசியின் பங்கு சுமார் 33. மீதி அறையில் ஏற்கெனவே இருந்த ஓசை, அல்லது செல்பேசி மைக்கின் சொந்த இரைச்சல். பல செல்பேசிகளால் 30-க்குக் கீழே நம்பகமாக அளக்க முடியாது, அமைதியான அறையிலும் அவை ஒரு எண்ணில் போய் நின்றுவிடும். அதனால் செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரே செல்பேசியை ஒரே இடத்தில் வைத்து 'முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு' என்று பார்க்க மட்டும் அது உதவும். பின்னணிக்கும் ஏசிக்கும் 10 டெசிபலாவது வித்தியாசம் இருந்தால்தான் நேராகப் படித்துக்கொள்ளலாம்.

சரி, அந்த 3-க்கு ஏன் இந்தப் பாடு? இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் செயலிகளும், ஏசி விவரக் குறிப்பும் தருவது 'ஏ' எடையிட்ட டெசிபல். மெல்லிய ஒலிகளில் தாழ்ந்த சுருதியை நம் காது குறைவாகவே கேட்கும் என்பதால், கருவியும் அந்தப் பகுதியைக் குறைத்தே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஹெர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு, எண் குறையக் குறைய சுருதி தாழும். 1000 ஹெர்ட்ஸில் கழிவு இல்லை. 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் கழிப்பார்கள். 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல். உங்கள் தலைமாட்டில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் 55 டெசிபல் இருந்தாலும் கருவி அதை வெறும் 25 என்றே எழுதிக்கொள்ளும். 33 உள்ள அறையில் அந்த 25 இருந்த சுவடே தெரியாது. ஆனால் 50 ஹெர்ட்ஸில் மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவு சுமார் 44 டெசிபல். 55 என்றால் நன்றாகவே கேட்கும். ஆகவே உங்கள் காதில் கோளாறு இல்லை. உங்களைத் தொந்தரவு செய்யும் ஒலியை அந்த எண் எடுத்துக்காட்டவே இல்லை.

செல்பேசியில் அலைவெண் வரைபடம் காட்டும் செயலி ஒன்றை இறக்குங்கள். அதில் எங்கே கோபுரம்போல நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் தலைமாட்டுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை எவ்வளவு நீளம் என்றும் அளந்து சொல்லுங்கள்.

#7 மேல்மாடி

அப்படியென்றால் வாங்கும்போது அந்த எண்ணைப் பார்ப்பதே வீண் என்கிறீர்களா? இதை ஏற்க முடியவில்லை. நான் இரண்டு மாடலை ஒப்பிட்டேன். ஒன்றில் 38, இன்னொன்றில் 55. 38 உள்ளதைத்தான் வாங்கினேன், அமைதியாக இருக்கிறது.

#8 சுவர்க்கோழி

வீண் இல்லை. ஆனால் ஒரே வகை எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ஒலியழுத்தம், குறிப்பிட்ட தூரத்தில் காதுக்கு வந்து சேர்வது. இன்னொன்று ஒலித்திறன், கருவி மொத்தமாக வெளியே விடுவது. இதற்குத் தூரம் கிடையாது. விளக்குக்கு வாட் என்பது ஒலித்திறன், மேசைமேல் விழும் வெளிச்சம் ஒலியழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் தரைமேல் வைத்த ஒரு கருவியின் ஒலித்திறன் 60 என்றால், ஒரு மீட்டரில் ஒலியழுத்தம் சுமார் 52 தான் வரும். இரண்டு மீட்டரில் 46. ஐரோப்பிய ஆற்றல் லேபிளில் அச்சிடுவது ஒலித்திறன். பல நிறுவனங்களின் விளம்பரத்தில் வருவது ஒலியழுத்தம், அதுவும் குறைந்த ஃபேன் வேகத்தில். நீங்கள் பார்த்த 38-உம் 55-உம் ஒரே வகையா என்று ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒரே கருவியே இரண்டு எண்ணிலும் தோன்றலாம்.

எந்த ஃபேன் வேகத்துக்கான எண் என்பதும் முக்கியம். ஃபேன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே சுமார் 5 டெசிபல் இறங்கும், பாதியாக்கினால் 15 வரை. அதனால் வாங்கும்போது குறைந்த வேகத்தின் எண்ணைவிட நடுத்தர வேகத்தின் எண்ணைக் கேளுங்கள் என்பேன். இரவு முழுக்க ஏசி ஓடப்போவது பெரும்பாலும் அந்த வேகத்தில்தான். அறைக்குச் சிறிய ஏசியை வாங்கினால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும், 19 என்ற எண்ணை நீங்கள் ஒரு நாளும் கேட்கவே மாட்டீர்கள்.

#9 நிலாமுற்றம்

என் அனுபவம் வேறு. ஏசியின் காற்றுச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கமே வராது. தெருச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாவற்றையும் அது மூடிவிடுகிறது. பழைய வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாத ஏசி இருந்தது. அது ஓடும்போது நன்றாகத் தூங்குவேன், நின்றதும் விழிப்பு வரும். பத்து நிமிடத்தில் 'டம்' என்று திரும்பக் கிளம்பும், மறுபடி விழிப்பு. சத்தத்தைவிட அந்த மாற்றம்தான் என்னைப் படுத்தியது.

படுக்கையறைக்கு எவ்வளவு டெசிபல் வரை சரி என்று பொதுவான அளவு ஏதாவது உண்டா?

#10 சுவர்க்கோழி

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி அம்மா. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு எண்களைத் தனித்தனியே கொடுத்திருக்கிறது. படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபல் ஏ-க்கு மேல் போகக் கூடாது, திடீரென்று எழும் தனி ஒலி 45-ஐத் தாண்டக் கூடாது. சீரான ஒலியையும் திடீர் ஒலியையும் தூக்கம் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை என்பதால்தான் இரண்டு அளவு. தாழ்ந்த சுருதி அதிகமாக இருந்தால் 30-க்கும் குறைவாக இருப்பதே நல்லது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த இழைக்கு அந்த வரிதான் பொருத்தம்.

#11 உறக்கம்தேடி

பார்த்துவிட்டேன். ஏசி கிளம்பும்போது வரைபடத்தில் 75 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோபுரம் நிற்கிறது. அறை குளிரக் குளிர அது இடதுபக்கம் நகர்ந்து 50-இல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போதுதான் 'ஊம்' தொடங்குகிறது. சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர்.

இன்னொன்று கவனித்தேன். நடு அறையில் போய் நின்றால் அந்தச் சத்தம் காணாமல் போகிறது! எதிர்ச்சுவருக்குப் போனால் திரும்பக் கேட்கிறது. மூன்று முறை நடந்து பார்த்தேன்.

#12 சுவர்க்கோழி

நான் எதிர்பார்த்தது இதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 6.8 மீட்டர். அதில் பாதி 3.4 மீட்டர், அச்சு அசல் உங்கள் அறையின் நீளம். அந்த அலை இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிலையலையாக நிற்கிறது. சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உங்கள் மகள் படுப்பது நடுவில். நீங்கள் தலை வைப்பது சுவரோரத்தில். அவளும் நீங்களும் ஒரே அறையில் வேறு வேறு ஒலியைக் கேட்கிறீர்கள்.

கோபுரம் நகர்வதிலிருந்து இன்னொன்றும் உறுதி. இன்வெர்ட்டர் கம்ப்ரஸரின் வேகம் மாறுவதால்தான் அது நகர்கிறது. மின்சாரத்தால் எழும் ரீங்காரமாக இருந்தால், அதாவது ஸ்டெபிலைசர், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை, மின்னோட்ட அலைவெண்ணின் இரண்டு மடங்கில், 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும்.

இதற்கு மேல் கருவிப்பெட்டி அண்ணன்தான் சொல்ல வேண்டும். அந்த அதிர்வு சுவருக்குள் எப்படி நுழைகிறது?

#13 கருவிப்பெட்டி

அவ்வளவு பெரிய யூனிட் காற்று வழியாக இந்த ஊம்மை உள்ளே அனுப்பியிருந்தால் ஜன்னலைத் திறந்ததும் இன்னும் பலமாகக் கேட்க வேண்டும். ஜன்னலைத் திறந்து பார்த்தீர்களா? மாற்றம் இல்லை என்றால் சுவர் வழியாகத்தான் வருகிறது.

சுவர் வழியாக என்றால் மூன்று இடம் பார்ப்பேன். ஒன்று, பிராக்கெட்டுக்கும் யூனிட்டின் காலுக்கும் நடுவே ரப்பர் புஷ் இருக்கிறதா, இருந்தாலும் போல்ட்டை அதிகமாக முறுக்கி அது நசுங்கிப்போயிருக்கிறதா. நசுங்கிய ரப்பரும் இரும்பும் ஒன்றுதான். இரண்டு, செம்புக் குழாய் சுவர்த் துளை வழியாக வரும் இடத்தில் இன்சுலேஷன் கிழிந்து செம்பு நேராகச் சிமெண்டில் உரசுகிறதா. புதிதாக மாட்டுகிறவர்கள் அவசரத்தில் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள், அங்கே அதிர்வு அப்படியே சுவருக்குப் போகும். மூன்று, குழாய் கம்ப்ரஸரிலிருந்து வளைவே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா.

உயரத்தில் இருந்தால் நீங்களாக எட்டிப் பார்க்க வேண்டாம் சார், ஆள் வைத்துச் செய்யுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே ஒன்று செய்யலாம். 'ஊம்' வரும் நேரத்தில் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதருகே எலும்பிலும் வைத்துக் கேளுங்கள். குழாய்த் துளைப் பக்கம், பிராக்கெட் பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். எங்கே பலமோ அங்கேதான் நுழைவாசல்.

#14 புதுவீடு

அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிப் பலகை வைத்து, உள்ளே பஞ்சு ஒட்டி மூடிவிட்டால் சத்தம் நின்றுவிடாதா? பக்கத்து வீட்டாரின் யூனிட் எங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது, அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

#15 கருவிப்பெட்டி

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவுட்டோர் யூனிட்டின் வேலையே அறையின் சூட்டை வெளியே தள்ளுவது. மூடினால் தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுக்கும். கம்ப்ரஸருக்குச் சுமை ஏறும், ஃபேன் வேகம் கூடும், முன்பைவிட அதிகச் சத்தம் வரும், மின்செலவும் ஏறும். மூலையில் மாட்டியிருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். யூனிட்டைச் சுற்றி ஒவ்வொரு சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பும். முன்பக்கம் காற்று தடையில்லாமல் போக வழிவிட்டு, உங்கள் ஜன்னலுக்கும் யூனிட்டுக்கும் நடுவே நேர்ப்பார்வையை மறைக்கிற தடுப்பு வைத்தால் கொஞ்சம் குறையும். பல யூனிட்டுகளில் இரவு நேர அமைதி மோடும் இருக்கும், அதைப் போடச் சொல்லிக் கேட்பதுதான் எல்லாவற்றையும்விட எளிது.

#16 நிலாமுற்றம்

இடையே கேட்பதற்கு மன்னியுங்கள். எங்கள் இண்டோர் யூனிட்டில் 'கொளக், கொளக்' என்று ஒரு சத்தம், சமைக்கும் நேரத்தில் மட்டும் வருகிறது. இது என்ன?

#17 கருவிப்பெட்டி

சமையலறையில் புகை இழுக்கும் ஃபேன் போட்டிருப்பீர்கள். ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும். வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, ஏசியின் டிரெயின் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. அது குழாயில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம்தான் கொளக். ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள், உடனே நிற்கும்.

#18 உறக்கம்தேடி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஜன்னலைத் திறந்தேன், 'ஊம்' கூடவில்லை. மரக்குச்சி வைத்துக் கேட்டதில் குழாய்த் துளைப் பக்கம்தான் பலமாக இருந்தது, கை வைத்தாலே மெல்லிய நடுக்கம் தெரிந்தது. ஆளை அழைத்துப் பார்த்தோம். கருவிப்பெட்டி சார் சொன்னது போலவே துளைக்குள் இன்சுலேஷன் கிழிந்து, செம்பு சிமெண்டுக்குள் இறுகிப்போயிருந்தது. சிமெண்டை உடைத்து எடுத்து, குழாய்க்குப் புது இன்சுலேஷன் சுற்றி, துளையை மிருதுவான நுரைப்பொருளால் அடைத்தார்கள். பிராக்கெட்டில் ரப்பர் இருந்தது, ஆனால் தட்டையாக நசுங்கியிருந்தது. கனமானதாக மாற்றி, போல்ட்டை அளவாக முறுக்கினார்கள்.

அன்று இரவு வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸ் கோபுரம் பார்த்தேன். 12 டெசிபல் தாழ்ந்துவிட்டது. கட்டிலையும் சுவரிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளிப் போட்டேன். இப்போது காது கொடுத்துத் தேடினால்தான் கேட்கிறது.

சாதாரணச் செயலியிலும் அளந்தேன். 36 இருந்தது 35 ஆகியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புகார் கொடுத்திருந்தால் ஏசியைத்தான் மாற்றியிருப்பார்கள், புது ஏசியும் அதே துளையில், அதே சிமெண்டில் வந்து உட்கார்ந்திருக்கும். நேற்று விடியும் வரை தூங்கினேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

#19 மேல்மாடி

மகிழ்ச்சி. மாற்றித் தரக் கேளுங்கள் என்று நான் அவசரப்பட்டுச் சொன்னது தவறு. நான் ஒப்பிட்ட எண்களையும் எடுத்துப் பார்த்தேன். 38 ஒலியழுத்தம், 55 ஒலித்திறன். சுவர்க்கோழி சொன்னது சரிதான்.

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் அறை அறையாக நடந்து பார்த்தேன். எங்கள் ஏசி அமைதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்பாவின் அறைக்கு அந்தப் பக்கம்தான் அவுட்டோர் யூனிட் இருக்கிறது. அவர் கட்டிலில் படுத்துப் பார்த்தேன், தலைமாட்டில் அதே 'ஊம்' கேட்கிறது. அவர் தூக்கம் வரவில்லை என்று சொன்னபோதெல்லாம் வயது என்று விட்டுவிட்டேன். இன்று கட்டிலை அறை நடுவுக்கு நகர்த்தியிருக்கிறேன். நாளை காலை வெளிச்சத்தில் ஆளை வைத்துப் பிராக்கெட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.